தெரியாதுங்களே

அன்றைக்கு முந்திரிக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். பெரியம்மா, கொட்டை வறுக்கிற தகரத்துக்கு முன்னால். அவருடைய கொழுந்தனார், எங்களுக்குச் சின்னய்யா, காது கேட்காதவர், சாக்கு மூட்டைமேல். மேலத்தெரு அக்காவும் தங்கையும், கட்டையால் கொட்டை உடைத்தபடி. சொசைட்டிக்குப் பால் எடுத்துப் போகிறவர், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு. காட்டுக்குள் அடுப்பு வைத்துச் சாராயம் காய்ச்சுகிற மாமா, அன்று வேலை இல்லாமல். கடைசியாக என் அம்மா, பருப்பின் தோலை நீக்கிக்கொண்டு.

நான் இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தேன். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

பைக்கில் ஒருவர் வந்தார். சாதாரண சட்டைதான். ஒட்ட வெட்டிய முடியும் பிரவுன் ஷூவும் போலீஸ் என்று காட்டிக்கொடுத்துவிட்டன. என் பெயரைச் சொன்னார். இறந்துபோன என் அப்பா பெயரையும் சொன்னார். வீடு எது என்று கேட்டார்.

பெரியம்மா கிளறுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

“தெரியாதுங்களே.”

“இந்த ஊர்தாம்மா எழுதியிருக்கு.”

“அப்படி யாரும் இல்லீங்களே.”

வந்தவர் மற்றவர்களைப் பார்த்தார். உடைத்துக்கொண்டிருந்த இருவரும் இன்னும் வேகமாக உடைத்தார்கள். பால்காரர், “நான் வெளியூருங்க” என்றார். அவர் வீடு கொட்டகைக்கு நேர் பின்னால். மாமா மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். சின்னய்யா சிரித்தார். கடைசியில் அந்த ஆள் என் அம்மாவிடம் வந்தார்.

“நீயாவது கேள்விப்பட்டிருக்கியாம்மா இந்தப் பேர?”

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

என்னைப் பெற்றவள்.

எங்கள் ஊர் உடையார்பாளையத்துப் பக்கம், முந்திரிக்காட்டுக்குள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊருக்கு ஒரே வழி. அந்த வழியில் முதல் கூரை பெரியம்மாவின் கொட்டகை. வெளியாள் யார் வந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். யார் கேட்டாலும் அவர் தெரியாது என்பார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய் இருக்காது. வருத்தம்தான் இருக்கும். உதவ முடியவில்லையே என்கிற வருத்தம். கேட்டவரே, “பரவால்லம்மா” என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போவார்.

ஒரு தடவை பூலாம்பாடியிலிருந்து பெண் பார்க்க வேன் வந்தது. பூவும் பழமும் மடிமேல் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீடு நாலு வீடு தள்ளி. வாசலில் ஆட்கள் நிற்பதுகூடத் தெரியும். பெரியம்மா தெரியாது என்றுவிட்டார். வேன் திரும்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா சைக்கிளில் விரட்டிப் போய் அழைத்து வந்தார். கல்யாணம் முடிந்த பிறகும் அவருக்குக் கோபம் போகவில்லை.

“பூவோட வந்தவங்களையே திருப்பி அனுப்பிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

“பூ வச்சிருந்தா போலீசு இல்லன்னு ஆயிடுமா?” என்றார் பெரியம்மா.

புதிதாக வந்த தபால்காரரையும் அப்படித்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும், “அப்படி யாரும் இல்லீங்களே, வேணும்னா வச்சிட்டுப் போங்க” என்பார். அவர் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் கடிதம் உரிய வீட்டில் இருக்கும். ஒன்றுகூடத் தவறியதில்லை. பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. யாருக்கு எது என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ.

ஊருக்குள்ளேயும் அவர் யாரைப் பற்றியும் பேசமாட்டார். அதனால் பெண்கள் எல்லாவற்றையும் அவரிடம்தான் சொல்வார்கள். தகரத்தின் முன்னால் உட்கார்ந்து புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார்கள். அழுகிறார்களா, புகையா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அது அவர்களுக்கும் வசதி.

அவர் பெயரை எழுதவில்லை. அவர் யார் பெயரையும் வெளியாளிடம் சொன்னதில்லை. அவர் பெயரை மட்டும் நான் எழுதுவது சரியில்லை.

இன்னொன்று கவனித்திருக்கிறேன். அவர் எதையும் விரலால் காட்டமாட்டார். தண்ணீர்க் குடம் எங்கே என்று கேட்டால்கூட முகவாயைத் தூக்கித்தான் காட்டுவார். சின்ன வயதில் அது அவருடைய ஒரு பழக்கம் என்று நினைத்தேன். காரணத்தை ஒரு நாள் அம்மா சொன்னாள்.

பெரியம்மா கல்யாணமாகி வந்த வருஷம். ஊர் பழகவில்லை. குடத்தோடு வந்துகொண்டிருந்தவர் பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. உள்ளே இருந்தவர், “தங்கச்சி” என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சின்னய்யாவின் பெயரைச் சொல்லி வீடு கேட்டார். பெரியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். ஏதோ திருட்டுக் கேஸ். சின்னய்யாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு அவர்களே விட்டுவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தவருக்குக் காது கேட்கவில்லை. அவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து பெரியம்மா கையால்தான் அவருக்குச் சோறு.

இதைப் பெரியம்மா என்னிடம் சொன்னதில்லை. சின்னய்யாவும் சொன்னதில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். பார்டர் வேலைக்குத் திருச்சியில் ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். மார்பு அளந்தார்கள். பல் பார்த்தார்கள், பாதம் பார்த்தார்கள். பரீட்சையும் எழுதினேன். பூலாம்பாடிப் பையன் ஒருவன் எனக்கு முன்னால் ஓடியவன். அங்கேதான் பழக்கம். இரண்டு பேரும் தேறினோம். ஒரு நீளமான படிவம் எழுதி வாங்கிக்கொண்டு, “விசாரணை முடிஞ்சு ஆர்டர் வரும், போங்க” என்றார்கள். யார் விசாரிப்பார்கள், யாரை விசாரிப்பார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேஸ் எதுவும் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். திருவிழாவுக்குப் போகவில்லை. கபடி ஆடவில்லை, ஆட்டம் முடிந்தால் சண்டை வரும். அரியலூரில் ஒரு டிரைவர் வண்டியை ஒதுக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தான். திருப்பி அடிக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உதடு கிழிந்திருந்தது. ஊருக்கு வந்தபோது பெரியம்மா பார்த்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. ஒரு கை சாம்பலைத் தகரத்தில் போட்டு நெருப்பை அடக்கிவிட்டு, “வேலைக்குப் போறவன் இப்படித்தான் இருக்கணும்” என்றார்.

முதலில் அம்மா தினமும் தபால்காரரைப் பார்த்து நின்றாள். பிறகு நிற்பதில்லை. நானும் கேட்பதில்லை. அறுவடை போயிற்று. முந்திரி மறுபடி பூத்தது. வருகிற வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும்.

பூலாம்பாடிப் பையன் ஒரு நாள் லாரி ஆபீசுக்கே வந்தான். கையில் ஆர்டர்.

“ஒனக்கு வரல?”

“வரல.”

“போலீசு வந்து விசாரிச்சாங்கல்ல?”

“யாரு வந்தா? யாரும் வரல.”

“எங்க வூட்டுக்கு ரெண்டு தடவ வந்து டீ குடிச்சிட்டுப் போனாரு. நீ ஸ்டேசன்ல போயி கேளு.”

போனேன். போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்டதும் மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அது? அப்படி ஒரு ஆளே கெடையாதுன்னுல்ல நெனச்சேன். ஒங்க ஊர்ல ஒன்ன யாருக்கும் தெரியல தம்பி.”

“எங்க சார் கேட்டீங்க?”

“முந்திரி வறுக்கற எடத்துல. அத்தன பேரையும் கேட்டேன். கடைசில ஒரு அம்மா, நீலப் பொடவ, நெத்தியில ஒண்ணும் இல்ல. பாவமா இருந்துச்சு. அதுவும் தெரியாதுன்னுடுச்சு.”

“அது எங்கம்மா சார்.”

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். சிரிக்க வந்தது. அடக்கிக்கொண்டார். பேப்பர் இன்னும் மேலே போகவில்லை என்றார். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். விலாசத்தில் ஆள் இல்லை என்று போனால் அவ்வளவுதான், பெயரை அடித்துவிடுவார்கள்.

“ஒன்னத் தெரிஞ்சவங்க யாரயாவது கூட்டிட்டு வா. பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க வேணாம்.”

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

“போலீசுக்காரன் வந்து ஒம் பேரச் சொல்றான். நான் என்னா பண்ணட்டும்? என்னாத்தப் பண்ணித் தொலச்சியோ, யாரு கண்டா?”

“அப்பறமாச்சும் எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“நீ லாரி வுட்டு வரப்பல்லாம் ஒம் மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணும் நடக்காத மாரி இருந்த. தப்பிச்சிட்டன்னு நெனச்சு வுட்டுட்டேன்.”

கொட்டகைக்குப் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். கத்தவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. கிளறாமல் அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. கொட்டைகள் எண்ணெய் கக்கித் தீப்பிடித்தன. அத்தனையும் கரியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நான் வரேன்” என்றார்.

ஸ்டேஷன் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். போலீஸ்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறினார்.

“இந்தப் பையனத் தெரியுமா?”

பெரியம்மா வழக்கம்போல யோசித்தார். வாய் பழக்கப்பட்ட பக்கமே போய்விடுமோ என்று பயந்தேன்.

“தெரியுங்க.”

“அன்னைக்குத் தெரியாதுன்ன?”

“அன்னைக்குத் தெரியாதுங்க.”

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். மோசமான ஆள் இல்லை. மை டப்பாவைத் திறந்து பெரியம்மாவின் கட்டை விரலைப் பிடித்து உருட்டினார். பேப்பரில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. கோடு ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். மறுபடி வட்டம்.

“ரேகையே இல்லியேம்மா.”

“கொட்ட தின்னுடுச்சுங்க.”

முந்திரிக்கொட்டையின் எண்ணெய் தோலை உரிக்கும். வருஷக்கணக்கில் உரித்தால் கை வழவழ என்று ஆகிவிடும். எங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. போலீஸ்காரர் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இது செல்லாது என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“சரி, ஒண்ணு பண்ணுவோம். இவனத் தெரியுதுல்ல? அப்ப காட்டுக்குள்ள அடுப்பு வைக்கறது யாருன்னும் தெரியும். பேர மட்டும் சொல்லு. இவன் பேப்பர் இன்னைக்கே போவும். ரேகையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுப்பு வைப்பது மாமா, அம்மாவுக்குத் தம்பி. அந்த நேரத்தில் அதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

“தெரியாதுங்களே” என்றார் பெரியம்மா.

அவர் முகத்தில் அதே வருத்தம். இந்தத் தடவை அது உண்மை.

“அப்படின்னா ரேக இருக்கற ரெண்டு பேரக் கூட்டிட்டு வா. ஒங்க ஊர்லேர்ந்து ரெண்டு பேரு இந்தப் படி ஏறட்டும், நான் எழுதறேன்.” அவருக்கு எங்கள் ஊரைத் தெரியும்.

வீடு வீடாகப் போனேன். “கோர்ட்டுன்னாலும் வரேன், ஸ்டேசனுக்கு வேணாம்ப்பா” என்றார் ஒருவர். பால்காரர், “எம் பேரு அங்க எழுதிட்டா அப்பறம் எல்லாத்துக்கும் என்னத்தான கூப்புடுவான்” என்றார். மாமா, “நான் வந்தா ஒனக்குக் கெடைக்கற வேலையும் போயிடும் மாப்ள” என்றார். அதுவும் நியாயம்தான்.

நான் விட்டுவிட்டேன். லாரிக்குத் திரும்பப் போவது என்று துணிகளை எடுத்து வைத்தேன்.

மறுநாள் கொட்டகையில் புகை இல்லை. பெரியம்மா தகரத்தையும் கட்டையையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டார். ஊர் வாயில் யாரும் இல்லை.

அன்றே ஒரு விதைக் கம்பெனி ஆள் நேராக ஊருக்குள் வந்து கடன் பாக்கிக்காக ஒருவரைப் பிடித்துவிட்டான். யாரோ பெண் வீட்டார் வந்து, ஒரு மாப்பிள்ளை மறைத்து வைத்திருந்த முதல் கல்யாணத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டிலேயே விசாரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது நாள் மதுவிலக்குப் போலீஸ் நடந்தே வந்தது. மாமா துண்டை விட்டுவிட்டு முந்திரிக்காட்டுக்குள் ஓடினார். உடம்பெல்லாம் கீறலோடு சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“என்னாக்கா, எடத்த மாத்திக்கிட்ட? ஒரு வார்த்த தெரியாதுன்னு சொல்லி நிறுத்தியிருந்தின்னா நான் இப்படி ஓடியிருப்பனா?”

பெரியம்மா கிளறிக்கொண்டே இருந்தார்.

“ஒனக்காக எத்தன வருஷமா தெரியாதுன்னு சொல்லிட்டுக் கெடக்கறேன். இந்தப் புள்ளைக்கு ஒரு தடவ தெரியும்னு சொல்ல ஒங்க யாருக்கும் வாயி இல்ல. நான் மட்டும் எதுக்கு ரோட்டுல ஒக்காரணும்?”

மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கீறலில் பெரியம்மா சாம்பல் வைத்துவிட்டார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், லாரி வேலைக்குத் திரும்பிப் போக, டவுன் பஸ்ஸுக்கு நான் நின்றேன். மாமா வந்து நின்றார், வெள்ளை வேட்டியில். பால்காரர் வந்தார். மேலத்தெரு அக்காவும் தங்கையும் வந்தார்கள். பெண் பார்க்க வந்த வேனை விரட்டிப் போனவர் வந்தார். அவர் பின்னால் இன்னும் வந்தார்கள். கோர்ட்டுக்கு மட்டும் வருவேன் என்றவரும் வந்தார். கடைசியில் பெரியம்மா, சின்னய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

கண்டக்டர் பார்த்தார்.

“என்னா, கோயிலுக்கா?”

“போலீஸ் ஸ்டேசனுக்கு” என்றார் மாமா.

“யாரப் புடிச்சிட்டாங்க?”

“யாரையும் புடிக்கல. நாங்களாத்தான் போறோம்.”

கண்டக்டர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவில்லை.

ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் நின்றார்கள். முதலில் யார் ஏறுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள், கோயில் மாதிரி. யாரும் ஏறவில்லை. போலீஸ்காரர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

சின்னய்யா ஏறினார். அவருக்கு ஒன்றும் கேட்காது. எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியுமோ தெரியாதோ. இடம் என்ன என்று தெரியும். ஏறிப் போய் மேசை முன்னால் நின்றார்.

“இந்தப் பையனத் தெரியுமா?” என்றார் போலீஸ்காரர்.

சின்னய்யா சிரித்தார்.

“காது கேக்காதுங்க அவருக்கு” என்று மாமா வெளியிலிருந்து சொன்னார்.

“அப்பறம் நான் எப்படிக் கேக்கறது?”

பெரியம்மா உள்ளே போனார். சின்னய்யாவின் தோளைத் தொட்டுத் திருப்பினார். பிறகு கையை நீட்டினார். முழுக் கையையும் நீட்டி, விரலால் என்னைக் காட்டினார். அந்த விரல் கறுத்து, நுனி வழவழ என்று இருந்தது. ஒரு போலீஸ்காரர் முன்னால் நின்று சின்னய்யாவுக்கு என்னைக் காட்டினார்.

சின்னய்யா அந்த விரலைப் பார்த்தார். பெரியம்மா முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தானே கட்டை விரலை மையில் வைத்தார்.

அடுத்துப் பால்காரர் ஏறினார். மாமா முறை வந்தபோது போலீஸ்காரர் கூர்ந்து பார்த்தார்.

“ஒன்ன எங்கியோ பாத்த மாரி இருக்கே. காட்டுப் பக்கம்?”

“தெரியாதுங்களே” என்றார் மாமா.

வெளியே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்தார். “ரெண்டு பேரு போதும்யா, போங்க” என்றார். யாரும் போகவில்லை. பஸ் ஏறி வந்தாயிற்று, வைத்துவிட்டுத்தான் போவோம் என்றார்கள். அவர் இன்னொரு தாள் எடுத்துக் கோடு போட்டார். என் அம்மா வாசலிலேயே நின்றாள், பெற்றவள் சொன்னால் செல்லாது என்பதால். பெரியம்மா வேப்பமரத்தடியில் சின்னய்யாவின் விரலில் இருந்த மையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பல வருஷம் எல்லையில் நின்றேன். வங்காளத்துப் பக்கம், ஆற்றோர ஊர்கள். ஒருவன் பெயரைச் சொல்லி அவனைத் தெரியுமா என்று வீட்டு வாசல்களில் கேட்பது என் வேலை. பெண்கள், “ஜானி நா” என்பார்கள். தெரியாது என்று அர்த்தம். அடுப்பைக் கிளறுவதை நிறுத்தாமல் சொல்வார்கள். இரண்டாம் தடவையும் கேட்க வேண்டும், அது வேலை. கேட்டேன். கேட்கும்போது அவர்கள் கையைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்கமாட்டேன்.

ஆர்டர் வந்த அன்று பெரியம்மா கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தகரம் பழைய இடத்தில் இருந்தது. தபால்காரர் என் பெயரைச் சொன்னதும், அப்படி யாரும் இல்லீங்களே, வச்சிட்டுப் போங்க என்றாராம்.

போலீஸ்காரர் கேட்டது இரண்டு பேர். பெரியம்மாவின் கறுப்பு வட்டத்தைச் சேர்க்காமல், அந்தத் தாள்களில் இருந்தது பத்தொன்பது ரேகை.